லெவல் மூணுலயும் சூடு வரல

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியின் மாடியில் இருந்தது ஓஷன்பிட் சொல்யூஷன்ஸ். அந்த அலுவலகத்தில் ஷூ போட்ட ஆள் ஒரே ஒருவர்தான். அவர் வாட்ச்மேன்.

மற்ற எல்லாரும் வெறுங்கால். திறப்பு விழாவுக்கு ஹோமம் செய்ய வந்த ஐயர், "இந்தத் தரையில செருப்பு படாம பாத்துக்கோங்கோ" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார். அன்றைக்கு மட்டும் சொன்னாரா, ஆயுசுக்கும் சேர்த்துச் சொன்னாரா என்று அவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. புராஜெக்ட் லீட் விஜயராகவன் "காலணிகளை இங்கே விடவும்" என்று பிரிண்ட் எடுத்து வாசலில் ஒட்டினார். அன்றிலிருந்து அங்கே சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் எழுதுகிறார்கள். அதனால் தரை சுத்தமாக இருந்தது. சாஃப்ட்வேரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வாட்ச்மேன் பெயர் அம்மாவாசை. மில் ஓடிய காலத்தில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். மில் நின்ற பிறகு வாழைக்காய் மண்டி, கல்யாண மண்டபம் என்று பல இடம் சுற்றி, கடைசியில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தார். ஏஜென்சி அவருக்கு ஒரு நீலச் சட்டை, ஒரு விசில், ஒரு ஜோடி கறுப்பு ஷூ கொடுத்தது. கூடவே இரண்டு ரூல்ஸும் கொடுத்தது. டூட்டி நேரத்தில் உட்காரக் கூடாது. டூட்டி நேரத்தில் ஷூவைக் கழற்றக் கூடாது.

அவருக்குச் சுகர். பல வருஷமாக. இடது காலில் சுண்டு விரல் ஏற்கெனவே போய்விட்டது. "ரெண்டு கால்லயும் உணர்ச்சி சுத்தமா இல்ல. தெனமும் வீட்டுக்குப் போனதும் காலப் பாரு. இன்னொரு புண்ணு வந்தா விரலோட நிக்காது, பாதம் போயிடும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இது தெரிந்தால் ஏஜென்சி வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஷூவுக்குள் எத்தனை விரல் இருக்கிறது என்று யார் எண்ணப் போகிறார்கள்?

டீயை மட்டும் சர்க்கரை போடாமல் குடிப்பார். அது ஆபீஸ் முழுக்கத் தெரியும். "அண்ணன் டயட்ல இருக்காரு, அடுத்த மாசம் ஹீரோவா நடிக்கப் போறாரு" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். கிண்டலுக்கு அப்புறம் அந்த விஷயத்தை யாரும் யோசித்ததில்லை. ஆகவே, அந்த இடது காலைப் பற்றி இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் அந்தப் புராஜெக்ட் வந்தது. பிரான்சில், பனி மலையின் அடிவாரத்தில் ஒரு கம்பெனி. மலையேறுகிறவர்களுக்காக ஒரு மொபைல் ஆப் வைத்திருந்தார்கள். இப்போது சூடாகும் இன்சோல் விற்கப் போகிறார்கள். ஷூவுக்குள் மெத்தை மாதிரி வைக்கிற பொருள். உள்ளே கம்பி, ஓரத்தில் பேட்டரி. போனில் லெவல் ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்கினால் பாதம் கதகதப்பாக இருக்கும். அந்த இன்சோலைக் கட்டுப்படுத்தும் லைப்ரரி தயாராக இருந்தது. லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை. வேறு யாரோ மண்டையைக் குடைந்து எழுதி முடித்த புரோகிராம் கோடு. அதை ஆப்பில் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குத்தான் இங்கே சம்பளம்.

வெளியே நாய்கூட நிழல் பார்த்து நடக்கிற வெயில். உள்ளே, காலைச் சூடாக்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பாண்டிச்சேரிக்காரர்கள் எல்லாருக்கும் பிரெஞ்சு தெரியும் என்று கிளையன்ட் மாத்தியூ நம்பியதால்தான் இந்த வேலை கிடைத்தது. விஜயராகவன் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. வீடியோ காலில் "பொன்ழூர்", அதாவது வணக்கம், என்று ஆரம்பித்து, அதோடு பிரெஞ்சு தீர்ந்துபோய், ஆங்கிலத்துக்குத் தாவுவார். உண்மையில் பிரெஞ்சு தெரிந்தவர் எச்.ஆர். நிர்மலாதேவி மட்டும்தான். அவர் அம்மா வழியில் எல்லாரும் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிற குடும்பம்.

வேலை சிலம்பரசன் தலையில் விழுந்தது. உழவர்கரைப் பையன், காலேஜ் முடித்து வந்தவன், இன்னும் கன்ஃபர்ம் ஆகாதவன். "இத முடிச்சிட்டினா கன்ஃபர்மேஷன். முடிக்கலன்னா பாக்கலாம்" என்று விஜயராகவன் சொல்லியிருந்தார். "பாக்கலாம்" என்றால் என்ன என்று அந்த ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் ஒருத்தனைப் பார்த்தார்கள். அப்புறம் அவனைப் பார்க்கவே இல்லை.

லைப்ரரியைச் சேர்த்து ஆப்பை ஓட்டியதும் முதலில் வந்தது ஒரு கேள்வி. திரை முழுக்கப் பிரெஞ்சு. சிலம்பரசன் நிர்மலாதேவியைக் கூப்பிட்டான்.

"மேடம், இது இன்னா கேக்குது?"

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். "இதப் போட்டுக்கறவங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கா, கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கான்னு கேக்குது. கீழ ஆமா, இல்லன்னு ரெண்டு பட்டன்."

"ஆமான்னா?"

"ஆன் ஆவாது. டாக்டரப் பாருன்னு சொல்லும்."

"இல்லன்னா?"

"மேல போவும்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவாசை நின்றுகொண்டிருந்தார். நல்ல கதவு. சத்தம் வெளியே போகாது.

சிலம்பரசன் "இல்லை" அமுக்கினான். மேலே போனது. ஆப்பை மூடித் திறந்தான். மறுபடி கேட்டது. ஒரு வரி மாற்றினாலும் மூடித் திறக்க வேண்டும். திறந்தால் கேட்கும். சாயங்காலத்துக்குள் அவன் அலுத்துப்போனான்.

"சார், மாமியா மாரி திருப்பித் திருப்பி அதயே கேக்குது சார்."

"கல்யாணம் ஆவாத பையன் நீ, உனக்கெப்படிடா தெரியும்?" என்றார் விஜயராகவன். "டெஸ்டிங் முடியற வரைக்கும் இல்லன்னே கோடுல எழுதி வுட்டுடு. ரிலீஸப்போ எடுத்துக்கலாம்."

எழுதினான். ஒரே வரி. அதற்கப்புறம் ஆப் யாரையும் எதுவும் கேட்கவில்லை. யார் போட்டாலும் அவர்களுக்குச் சர்க்கரை வியாதி இல்லை, காலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று அதுவாகவே முடிவு செய்துகொண்டது.

இன்சோல் கூரியரில் வந்தது. ஒரே ஒரு ஜோடி. பாதத்தின் எடை மேலே விழுந்தால்தான் சூடாகும், சும்மா கையில் வைத்துக்கொண்டு ஆன் பண்ணினால் ஆகாது என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. ஷூவின் அளவுக்கு ஓரத்தை வெட்டிக்கொள்ளவும் கோடு போட்டிருந்தது. ஆக, முதலில் ஒரு ஷூ வேண்டும்.

ஆபீஸில் இருந்தவை எல்லாம் வாசலில் கிடந்தன. ரப்பர் செருப்பு, லெதர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. விஜயராகவனிடம் கல்யாண ரிசப்ஷனுக்கு எடுத்த ஷூ ஒன்று உண்டு. அது மாமனார் எடுத்துக் கொடுத்தது, அதில் கத்திரிக்கோல் கொண்டுபோனால் வீட்டில் பேச்சு வரும். எல்லாரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள்.

"அண்ணே, உங்க ஷூ இன்னா சைஸு?"

"எட்டு, தம்பி சார்." அம்மாவாசை சிலம்பரசனைத் தம்பி என்று கூப்பிட ஆசைப்படுவார். அப்புறம் பயந்து பின்னால் ஒரு சார் சேர்த்துக்கொள்வார்.

எட்டாம் நம்பர் கோட்டில் இன்சோலை வெட்டினார்கள். அடுத்த சிக்கல், அவரை ஷூவோடு உள்ளே கொண்டுவருவது. ஹோமம் செய்த தரை. விஜயராகவன் ஸ்டோர் ரூமிலிருந்து பழைய பொங்கல் வாழ்த்து பேனரை எடுத்துவரச் சொல்லி, எழுத்து கீழே போகிற மாதிரி திருப்பி, கதவிலிருந்து ஒரு நாற்காலி வரைக்கும் விரித்தார். அம்மாவாசை அதன் மேல் ஓரம் தாண்டாமல் நடந்துவந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஒக்காருங்கண்ணே."

"ஒக்காரலாங்களா?"

"ஒக்காந்தாதாண்ணே டெஸ்டிங்கே."

உட்கார்ந்தார். மேலே ஏசி. எதிரே காலண்டர். ஏஜென்சியில் சேர்ந்ததிலிருந்து டூட்டி நேரத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் வந்த சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விசிலைத் தடவிக்கொண்டிருந்தார்.

சிலம்பரசன் போனில் லெவல் ஒன்றை அமுக்கினான். "சூடு வருதாண்ணே?"

"இல்ல, தம்பி சார்."

லெவல் இரண்டு. "இப்ப?"

"இல்லயே."

லெவல் மூன்று. காத்திருந்தார்கள். ஏசிக்காரன் சர்வீஸுக்கு வந்துவிட்டுப் போகிற அளவுக்குக் காத்திருந்தார்கள். "அண்ணே?"

"ஜில்லுனு கீது," என்றார் அம்மாவாசை. ஏசியைத்தான் சொன்னார்.

போனில் நாற்பத்தெட்டு டிகிரி என்று காட்டியது. சிலம்பரசன் அதை விஜயராகவனிடம் காட்டினான். "சார், போனு நாப்பத்தெட்டுன்னுது. அண்ணன் வரவே இல்லன்றாரு."

"அது டம்மி வேல்யூடா. லைப்ரரி எழுதனவன் ஏதோ ஒரு நம்பரப் போட்டு வச்சிருப்பான். மெஷினு ஆயிரம் சொல்லும். மனுஷன் காலு பொய் சொல்லுமா?"

அந்த ஆபீஸில் அம்மாவாசை சொன்ன ஒரு வார்த்தையை இத்தனை இன்ஜினியர்கள் நம்பியது அதுதான் முதல் தடவை. "கேட்டு பூட்டு சரியில்ல" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை யாரும் நம்பியதில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சிலம்பரசன் லைப்ரரியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் சூடானதும் தானாக நின்றுவிடுகிற மாதிரி அதற்குள் ஒரு கட்-ஆஃப் இருந்தது. சூடு வருவதற்குள் அது நிறுத்திவிடுகிறதோ என்று சந்தேகப்பட்டு அதை எடுத்தான். டெஸ்டிங் மோடு என்று ஒன்று இருந்தது, அதில் நேரக் கணக்கே கிடையாது. அதைப் போட்டான். "ரொம்ப நேரம் போட்டு வச்சா வருதான்னு பாக்கலாம்" என்றார் விஜயராகவன். அம்மாவாசை காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் லெவல் மூன்றில் உட்கார்ந்திருந்தார். யாராவது அந்தப் பக்கம் போகும்போது "சூடு வருதாண்ணே?" என்று கேட்பார்கள். "இல்லங்க" என்பார். வரவில்லையே என்று அவருக்கும் வருத்தம். தன் காலால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒத்தாசை இல்லாமல் போகிறதே என்று.

ஒருமுறை சிலம்பரசன், "சார், நானே ஒரு தடவ போட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அந்த ஷூவைப் பார்த்தான். விஜயராகவனும் பார்த்தார்.

"உன் காலு பத்து. எட்டுக்கு வெட்டியாச்சே," என்றார்.

ஷூ எட்டாக இருந்தாலும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, மேலே நின்று பார்க்கலாம். கையை வைத்து அழுத்திக்கூடப் பார்க்கலாம். ஆனால் அது ஏற்கெனவே அம்மாவாசையின் ஷூவுக்குள் போய்வந்த பொருள். வெட்டிய நாளிலிருந்து அதை அவர்தான் எடுத்தார், அவர்தான் வைத்தார், சாயங்காலம் அவர்தான் கேட் பக்கத்துப் பிளக்கில் சார்ஜ் போட்டார். வேறு யார் கையும் அதில் படவில்லை. ஏன் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை.

அம்மாவாசையே காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "வேணாம், தம்பி சார். ஒரே வேர்வ."

"சரிண்ணே," என்றான் சிலம்பரசன். அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

முதலியார்பேட்டையில் ஒரு சந்துக்குள் அம்மாவாசையின் வீடு. அன்றைக்குச் சாயங்காலம் அவர் பெண்சாதி ஜெயம், வழக்கம்போல அவர் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? அடிப்பாதம் பூரா வெளுத்துக் கெடக்குது? இங்க பாரு, கொப்புளம்."

"ஷூ கடிச்சிருக்கும்."

"ஷூ மேல கடிக்கும், ஓரத்துல கடிக்கும். அடியிலயா கடிக்கும்? அந்தக் கரண்டு மெத்த சுட்டுட்டுதா?"

"அது எங்கடி சுடுது? சுடவே மாட்டேங்குதுன்னுதான் அங்க அத்தினி பேரு தலையப் பிச்சிக்கறாங்க. எல்லாம் படிச்ச புள்ளைங்க. சுட்டா அதுங்களுக்குத் தெரியாதா?"

ஜெயம் களிம்பு டப்பாவைத் திறந்தாள். "ஆஸ்பத்திரிக்காவது போய் வா."

"போறேன், போறேன். இவுங்க வேல முடியட்டும். அந்தப் புள்ளைக்கு இது சரியா வர்லன்னா வேல போயிடும்னு பேசிக்கறாங்க." சுவரில் சாய்ந்துகொண்டார். "உள்ள ஒக்கார வச்சிருக்காங்கடி. ஏசில. சேருல."

அவள் மஞ்சள் நிறக் களிம்பைத் தடவி, துணி சுற்றி, மேலே இரண்டு சாக்ஸ் மாட்டிவிட்டாள். அவர்கள் அவர் காலை நம்பினார்கள். அவர் அவர்கள் படிப்பை நம்பினார்.

அடுத்த வாரத்தில் ஆபீஸுக்குள் ஒரு வாடை அடிக்க ஆரம்பித்தது. இனிப்பும் அழுகலும் கலந்த மாதிரி. எங்கோ எலி செத்திருக்கும் என்று மேஜைகளை நகர்த்திப் பார்த்தார்கள். கீழே பிளாஸ்டிக் உருக்குகிற வாடையாக இருக்கும் என்றார்கள். ஏசிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று நிர்மலாதேவி ஏசிக்காரனுக்குப் போன் செய்தார். அவன் வந்து, பிரித்து, கழுவி, "ஏசி சுத்தமா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான். மல்லிகைப்பூ வாசனையில் ஒரு ரூம் ஸ்பிரே வாங்கி வைத்தார்கள். அதை அம்மாவாசையின் நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்த அலமாரியில் வைத்தார்கள். இடம் அங்கேதான் இருந்தது.

"கால் வீங்கன மாரி இருக்கேண்ணே," என்று ஒருநாள் சிலம்பரசன் கேட்டான்.

"ஒக்காந்தே கெடக்கறனே, தம்பி சார். பழக்கம் இல்ல," என்று சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஷூ காலை விட்டு வரவில்லை. இழுத்துப் பார்த்தார், சிலம்பரசனுக்கு முன்னால் இழுக்க வெட்கமாக இருந்தது. இன்சோலோடு, ஷூவோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மாத்தியூவுடன் வீடியோ கால். ஷூவுக்குள் கால் வைக்க ஆள் இல்லை. "அம்மாவாசைக்குக் காய்ச்சலாம்" என்று ஏஜென்சியிலிருந்து சொன்னார்கள். "டெமோ அன்னிக்குப் பாத்துதான் காய்ச்சல் வரும்" என்று விஜயராகவன் முணுமுணுத்துக்கொண்டு "பொன்ழூர்" என்றார். சூடு வராததற்கு என்ன சாக்கு சொல்வது என்று சிலம்பரசன் ஆங்கிலத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்தான்.

தேவைப்படவில்லை. மாத்தியூ சந்தோஷமாக இருந்தார். இன்சோல் எப்போது ஆன் ஆனது, எவ்வளவு சூடானது என்பதெல்லாம் லைப்ரரி வழியாக அவர் கம்பெனிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே அருமையாக வேலை செய்கிறது என்றார். கொடுத்த லெவலைக் கொஞ்சமும் பிசகாமல் பிடித்திருக்கிறது என்றார்.

"ஒரே ஒரு விஷயம்தான் ஆச்சரியமா இருக்கு," என்றார். "நாள் பூரா லெவல் மூணுல யார் போட்டிருக்காங்க? எங்க ஆளுங்க அதுல அரை மணி நேரம்கூடத் தாங்கறதில்ல. அவரு நல்லாதானே இருக்காரு?"

விஜயராகவன் ஒரு கணம் விழித்தார். ஒரு கணம்தான். "நாங்க வெயில் ஊர்க்காரங்க," என்றார்.

மாத்தியூ சிரித்தார். விஜயராகவனும் சிரித்தார். கால் முடிந்தது.

சிலம்பரசன் சிரிக்கவில்லை. தன் இடத்துக்குப் போய் கோடைத் திறந்து, அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்தான். "இல்லை" என்று அவன் எழுதியது அப்படியே இருந்தது. ஜன்னலோரம் அம்மாவாசையின் டீ கிளாஸ் கவிழ்த்து வைத்திருந்தது. சர்க்கரை போட்ட கிளாஸ்களோடு கலந்துவிடக் கூடாது என்று அதன் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு வைத்ததே இவன்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவருக்குப் போன் போட்டான். ஜெயம் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரில இருக்கோம் தம்பி," என்றாள். "சுகர் காலு, பாதிப் பாதத்த எடுக்கணும்ன்றாங்க."

பார்க்கப் போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போவதுதான் முறை. நிர்மலாதேவி கடையில் கை நிறைய மாம்பழம் எடுத்துவிட்டு, சட்டென்று நிறுத்தி, "சுகர் இருக்கறவங்க இது சாப்பிடலாமா?" என்று கடைக்காரரைக் கேட்டார். ஓஷன்பிட் சார்பாக அந்தக் கேள்வி முதன்முதலாகக் கேட்கப்பட்டது அந்தப் பழக்கடையில்தான். "வேணாம்மா, கொய்யாக்கா எடுத்துட்டுப் போங்க," என்றார் கடைக்காரர்.

ஆபரேஷன் முடிந்து அம்மாவாசை மயக்கத்தில் கிடந்தார். வலது கால் கொப்புளத்தோடு தப்பித்திருந்தது. இடது காலில் கட்டு, இருக்க வேண்டிய நீளத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. இளவயது டாக்டர் ஒருவர் வராண்டாவில் நின்று கேட்டார்.

"ஷூ கடிச்சிதுன்றாரு. எனக்கென்னவோ தீக்காயம் மாதிரி தெரியுது. சூடா எதுலயாவது ரொம்ப நேரம் கால வச்சிருந்தாரா? தார் ரோடு, பாய்லர், அந்த மாதிரி?"

"எங்க ஆபீஸு ஃபுல் ஏசி, டாக்டர்," என்றார் விஜயராகவன். "அவர நாங்க நிக்கக்கூட வச்சதில்ல. சேர் போட்டுக் குடுத்திருந்தோம். ஷூதான். ஏஜென்சி ஷூ. மட்டமான சாமான்."

சிலம்பரசன் வாயைத் திறந்தான். விஜயராகவன் அவன் தோளில் கை போட்டார். இதுவரை போட்டதில்லை. "இவனுக்குத்தான் ரொம்ப வருத்தம், டாக்டர். அவருகூட ரொம்பப் பழக்கம்," என்றார். டாக்டர் "ஷூ" என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சிலம்பரசனுக்கு வேலை கன்ஃபர்ம் ஆனது. ரிலீஸுக்காக அந்த ஒரு வரியை எடுத்தான். ஆப் மறுபடி கேள்வி கேட்க ஆரம்பித்தது.

ஏஜென்சி புது ஆளை அனுப்பியது. கலைவாணன் என்று பெயர், நல்ல உயரம், விசில் புதுசு. ஷூ மட்டும் இல்லை. பழைய ஆள் ஷூவைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுத்ததும் போட்டுக்கொள் என்று சொல்லியிருந்தார்களாம். அதுவரை ரப்பர் செருப்போடு கேட்டில் நின்றார்.

ஷூவை ஜெயம் கொண்டுவந்தாள். ஒரு மஞ்சள் துணிப்பையில். மாடி வாசலில் ஒட்டியிருந்ததைப் படித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் கதவோரமே நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் திடீரென்று மானிட்டருக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். சிலம்பரசன்தான் எழுந்து போனான்.

"தம்பி சாருன்னு சொல்லுவாரே, அது நீதானா?"

"ஆமாம்மா."

"ஷூவ நல்லா கழுவிக் காய வச்சிட்டேன். உள்ள இருந்த மெத்தைய மட்டும் தண்ணில போடல, கரண்டு சாமான்னு. தொடச்சி, அவரு சொன்னாருன்னு சார்ஜும் போட்டு திரும்ப வச்சிருக்கேன். அத எடுத்துக்கப்பா, எனக்குத் தொடப் பயமா இருக்குது."

வாசலில் கிடந்த ஸ்டூலில் ஷூவை வைத்தாள். சிலம்பரசன் அதன் முன்னால் உட்கார்ந்து, இடது ஷூவுக்குள் கையை விட்டான். விரல் பட்ட இடம் சொரசொரப்பாக இருந்தது. துடைத்தும் போகாத ஏதோ ஒன்று காய்ந்திருந்தது. இழுத்தால் வந்துவிடும். அவன் இழுக்கவில்லை. இன்னொரு கையால் போனை எடுத்து ஆப்பைத் திறந்தான். சர்க்கரை வியாதி இருக்கிறதா, உணர்ச்சி குறைவாக இருக்கிறதா என்று கேட்டது. "இல்லை" என்று அமுக்கினான். உள்ளங்கையை இன்சோலின் மேல் வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினான். லெவல் ஒன்று.

உடனே வந்தது. டீ கிளாஸைப் பிடித்த மாதிரி, சந்தேகமே இல்லாமல் வந்தது.

"கண்ணு முழிச்சதுலேர்ந்து ஒரே கேள்விதாம்ப்பா," என்றாள் ஜெயம். "தம்பி சாருக்கு அந்தச் சூடு வந்துச்சா, வந்துச்சா, போய்க் கேட்டுட்டு வான்னு. என் காலு செத்த காலாச்சே, அதனாலதான் தெரியலியோ, புள்ளைய ஏமாத்திட்டேனோன்னு ராத்திரி பூரா பொலம்பறாரு. அதான் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு."

லெவல் இரண்டு. அவன் எப்போது அமுக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. அப்புறம் மூன்று.

"சொல்லு தம்பி. வந்துச்சா?"

வந்தது என்று சொன்னால் அடுத்தது, எப்போதிலிருந்து என்று கேட்பாள். இவள் கேட்காவிட்டாலும் அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பார். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. ஷூவுக்குள் உள்ளங்கை எரிந்தது. மானிட்டர்களுக்குப் பின்னால் ஒருவரும் டைப் அடிக்கவில்லை.

"இல்லம்மா," என்றான். "இன்னும் வரல."

"பாத்தியா," என்றாள் ஜெயம். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப அவரு காலு மேல தப்பில்ல. இத மொதல்ல போய்ச் சொல்றேன், அப்பவாவது கண்ண மூடித் தூங்குவாரு." அவன் முகத்தைப் பார்த்தாள். "நீயும் பாவந்தான். எத்தினி நாளா இதக் கட்டிக்கிட்டு மாரடிக்கற. கலங்காத, வந்துடும்."

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். அவள் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் அவன் கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது உள்ளங்கை சிவந்து, நடுவில் பளபளவென்று இருந்தது. இரண்டு ஷூவிலிருந்தும் இன்சோலை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

கலைவாணன் மேலே வந்து ஷூவை எடுத்து, ஓரமாக நின்று, காலை நுழைத்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, உள்ள இவ்ளோ சூடா கீது?" என்றார். "வெயில்ல வச்சிருந்தாங்களா?"